தித்திப்புக் காரை

மூக்கனின் சுட்டுவிரல் பங்களாவின் புகைக்கூண்டுச் சுவருக்குள் முழுசாகப் போய்விட்டது. பதறி வெளியே இழுத்து, அடுத்த செங்கல் சந்தில் விட்டுப் பார்த்தான். அதிலும் போனது.

"என்னடா, செவுத்துக்கு மூக்குப்பொடி போட்டு உடறயா?" என்றார் தோட்டத்து ரைட்டர் மாதேஸ்வரன்.

"இல்லீங்க... சந்துல காரை இருக்குதான்னு பார்த்தனுங்க."

"இருந்தா உன்னை எதுக்குக் கூப்புடறோம்? செங்கல்லு நல்லாத்தான் இருக்குது. நடுவுல வெச்ச சுண்ணாம்புதான் மழையில ஊறி ஊறி மாவாப் போயிருச்சு. அதைச் சொரண்டி எடுத்துப்போட்டுப் புதுசா வெச்சு அடைக்கோணும். பெரிய தொரை மெட்ராஸ்ல இருந்து தொரைசானியம்மாவோட வர்றாரு. அந்தம்மாவுக்குக் குளிரு ஆகாது, கணப்பு எரிஞ்சாகோணும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்க" என்றான் மூக்கன். தன் கதை முடிந்தது என்பது ஒன்றுதான் அவனுக்கு விளங்கியது.

விஷயம் என்னவென்றால், மூக்கன் கொத்தனாரே அல்ல. காப்பிப் பழம் பறிக்க மலையேறி வந்தவன். கூலிகளின் லயன் வீட்டில் ஒரே அறைக்குள் அவனும் மனைவி சென்னம்மாளும் ஒரு பக்கம், அவள் அண்ணன் குடும்பம் மறுபக்கம்; நடுவே மானத்தைக் காக்க ஒரு கிழிந்த சேலை. ஒருநாள் ரைட்டர் ஆள்களை நிறுத்திவைத்து, "யாருக்காச்சும் கொத்து வேலை தெரியுமாடா? தனி ஊடு உண்டு" என்று கேட்டார். தனி வீடு என்று காதில் விழுந்ததும் மூக்கன் கை தானாக மேலே போய்விட்டது. அப்புறம் அதைக் கீழே இறக்க முடியவில்லை.

நல்ல வேளை, இதுவரை வெள்ளையடிப்பைத் தவிர வேறு வேலை வரவில்லை. இப்போது பார்த்து வந்திருக்கிறது. சென்னம்மாளுக்கு நிறைமாதம். பொய் வெளியே வந்தால் வீடு போகும், வேலை போகும், மலையை விட்டே துரத்திவிடுவார்கள். அத்தனை வளைவையும் அவள் அந்த வயிற்றோடு அடிவாரம்வரை எப்படி இறங்குவாள்?

இது போதாதென்று சின்னத் துரை. கட்டடங்களைச் செப்பனிடவென்றே பெரிய துரை புதிதாகப் பிடித்து அனுப்பிய ஆள். சீமையில் இஞ்சினீயருக்குப் படித்தவராம். அவர் திட்டினால்கூடத் தேவலை. தினமும் பிரம்போடு வருவார். சுவரை இரண்டு தட்டுத் தட்டுவார். மூக்கனின் கையையே உற்றுப் பார்ப்பார். முகம் செக்கச் செவேலென்று ஆகிவிடும். "ம்" என்பார். போய்விடுவார்.

அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று பங்களா பட்லர் ஐயாக்கண்ணுவிடம் கேட்டான் மூக்கன்.

"எனக்கென்னங்க கொத்தனாரே தெரியும்? ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம நடக்கறாரு. கேட்டா, செவுரு, செவுருங்கறாரு."

மூக்கன் மலைச்சாமி இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டான். "சேர்வராயா, தேங்காய் உடைக்கிறேன்" என்று அங்கேயே வேண்டிக்கொண்டான்.

சுரண்டும் வேலை மட்டும் சுலபமாக இருந்தது. பழைய அரிவாள் நுனியை விட்டு இழுத்தால் காரை பொலபொலவென்று கொட்டியது. பயத்தில் இருந்தவனுக்குக் கையில் ஒரு வேலை கிடைத்தால் விடுவானா? எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் சுரண்டிக்கொண்டே போனான். கொட்டினதில் பாதி வெளியே விழுந்தது, பாதி புகைக்கூண்டுக்கு உள்ளே விழுந்தது. கடைசியில் சாய்ந்து நின்று வியர்வையைத் துடைத்தபோது முதுகுக்குப் பின்னால் செங்கல் ஆடியது, கிழவன் வாயில் பல் ஆடுகிற மாதிரி.

"ஐயோ சாமி" என்று விலகி நின்றான்.

வீட்டுக்கு ஓடி, "ஏ புள்ள, உங்கூர்ல செவுரு எதுல வெப்பாங்க?" என்று கேட்டான்.

"மண்ணுலதான். வேற எதுல வெப்பாங்க?" என்றாள் சென்னம்மாள்.

அவ்வளவுதானே! பங்களாவுக்குப் பின்னால் வேண்டிய செம்மண் கிடந்தது. மிதித்துக் குழைத்து, சந்து சந்தாக அப்பி, கையால் வழித்துவிட்டான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சாயங்காலம் ஏற்காட்டு மழை ஒன்று பெய்தது பாருங்கள், மண்ணெல்லாம் கரைந்து வழிந்து சுவரை யாரோ வெட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

விடிந்ததும் சின்னத் துரை வந்தார். செந்நிறமாய் ஒழுகிக் கிடந்த சுவரைப் பார்த்தார். மூக்கனைப் பார்த்தார். பிரம்பைத் தூக்கித் தட்டப் போனவர், ஏனோ தட்டாமல் இறக்கிக்கொண்டார்.

"ம்" என்றார்.

"அடிக்கத்தான் ஓங்கினாரு. பெரிய தொரை முன்னால வெச்சு அடிக்கலாம்னு உட்டுட்டாரு" என்று சென்னம்மாளிடம் அழாத குறையாகச் சொன்னான் மூக்கன். சேர்வராயனுக்குத் தேங்காயோடு ஒரு மொட்டையும் சேர்ந்தது.

அன்றைக்குப் பக்கத்து மலைக்கிராமமான கொட்டச்சேட்டிலிருந்து குப்பாயிக் கிழவி கடுக்காய் விற்க வந்தாள். அவளுடைய அப்பன் இந்தப் பங்களா கட்டியபோது சுண்ணாம்பு சுமந்தவனாம். மூக்கன் அவளைக் கொல்லைப்புறமாகக் கூட்டிப்போய்க் காதோடு காதாகக் கேட்டான்.

"இதுக்கா கண்ணு இம்புட்டுப் பயம்? சுண்ணாம்பும் மணலும் அரைப்பாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணியை ஊத்துவாங்க. அப்பத்தான் கல்லாட்டம் புடிக்கும்."

"வெல்லம் எவ்வளவு போடுவாங்க?"

"அது எனக்குத் தெரியாது சாமி. நான் அப்ப வெல்லத்தைத் திங்கற வயசு."

மூக்கன் யோசித்தான். கொஞ்சம் போட்டால் கொஞ்சம் பிடிக்கும், நிறையப் போட்டால் நிறையப் பிடிக்கும், இதிலென்ன சந்தேகம்? வீட்டில் பிள்ளைப்பேற்றுக்கென்று எடுத்துவைத்திருந்த வெல்லத்தை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு வந்தான். சென்னம்மாள் பின்னாலேயே வந்து கத்தினாள்.

"ஏனுங்க, நான் பெத்துப் போட்டா எனக்குக் காய மருந்து கிண்ட வெச்சிருக்கற வெல்லமுங்க அது! செவுரா புள்ளை பெறப்போகுது?"

"ஊடு இருந்தாத்தான்டி காயம். பேசாம இரு!"

ஊறப்போட்டான், அரைத்தான், குழைத்தான். பாயசம் தோற்றது. ஒரு சந்து விடாமல் அடைத்து, ஓலையால் மூடிவிட்டு, அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்றான்.

மறுநாள் காலை ஓலையை எடுத்தபோது சுவர் அசைந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். சுவர் அசையவில்லை, சுவர் மேல் இருந்த எறும்பு அசைந்தது. கட்டெறும்பு, சிற்றெறும்பு, பிள்ளையார் எறும்பு என்று சேர்வராயன் மலையில் உள்ள எறும்புக்கெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி கூடியிருந்தன. சாரைசாரையாகச் சந்து வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் சின்னத் துரை படுக்கிற அறை.

உள்ளேயிருந்து ஒரு அலறல் கேட்டது. சின்னத் துரை சட்டைக்குள் கையை விட்டு அடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். கழுத்தில் ஒன்று, காதில் இரண்டு. சுவரைப் பார்த்தார். ஆடிப்போனார்.

மூக்கன் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

சின்னத் துரை நெளிந்தார். காதிலிருந்த எறும்பைத் தட்டிவிட்டார். மூக்கன் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல், "ம்... ம்" என்றார்.

ரெண்டு "ம்"! மூக்கன் வேண்டுதலில் மச்சானுடைய மொட்டையையும் சேர்த்துக்கொண்டான், மச்சானைக் கேட்கவில்லை.

"ஊட்டுல எறும்பு வந்தா என்ன பண்ணுவே?" என்று சென்னம்மாளிடம் ஓடினான்.

"பொகை போடுவேன். உங்களுக்கும் சேர்த்துப் போடோணும்" என்றாள், வெல்லம் போன கோபத்தில்.

கோபத்தில் சொன்னாலும் நல்ல யோசனையாகத்தான் அவனுக்குப் பட்டது. எறும்பும் போகும், காரையும் காயும். கணப்பில் விறகை அடுக்கி, மேலே பச்சைத் தழையைத் திணித்து மூட்டினான். புகை எழும்பியது. எழும்பி, புகைக்கூண்டுக்குள் போய், போன வேகத்தில் திரும்பி அவன் முகத்திலேயே அடித்தது. அவன் சுரண்டிக் கொட்டிய பழைய காரையெல்லாம் கூண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை, இது பூதமாகவே முடிந்துவிட்டது.

கண் மூடித் திறப்பதற்குள் பங்களா ஜன்னலெல்லாம் புகை கக்கின. ஐயாக்கண்ணு ஒரு கோழியையும் ஒரு வெள்ளித்தட்டையும் அணைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். பின்னாலேயே இருமிக்கொண்டு சின்னத் துரை. அவர் வாசலில் வந்து நின்றதுதான் தாமதம், மேலே ஈரக்காரை சூட்டில் வெடித்து, கூண்டு உச்சியிலிருந்து ஒரு செங்கல் நழுவி, அவருடைய பூட்ஸுக்கு முன்னால் தொப்பென்று விழுந்தது.

மூக்கன் உயிர் அங்கேயே பாதி போய்விட்டது.

சின்னத் துரை குனிந்து செங்கல்லை எடுத்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நேராக மூக்கனிடம் வந்தார். கண்ணில் நீர் கொட்டியது. செங்கல்லை இரண்டு கையாலும் அவனிடம் நீட்டி, இங்கிலீஷில் எதையோ நீளமாகச் சொன்னார். மூக்கன் தடாலென்று அவர் காலில் விழுந்தான். அவர் மிரண்டு பின்வாங்கி, புகைக்குள்ளேயே ஓடிவிட்டார்.

மூக்கன் வீட்டுக்கு ஓடினான்.

"சென்னா, மூட்டையைக் கட்டு! அந்தச் செங்கல்லாலயே என் மண்டையை ஒடைக்கப் போறாரு!"

சென்னம்மாள் பாயைச் சுருட்டப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால எறங்க முடியாதுங்க" என்றாள். "வழியிலயே பெத்துப்போடுவேன். நீங்க போங்க. தொரை வந்தா நான் கால்ல உழுந்து கேட்டுக்கறேன்."

அதைக் கேட்டதும் மூக்கனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவளுக்கு ஒரு தனி வீடு கொடுக்க ஆசைப்பட்டு, இருந்த மூலையையும் கெடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான். அவளை விட்டு எங்கே போவது? வருவது வரட்டும் என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

கதவு தட்டப்பட்டது.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கதவு திறந்தது. ஐயாக்கண்ணு நின்றார், முகமெல்லாம் கரி. உள்ளே வந்து, வெளியே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"தொரை அனுப்புனாருங்க."

"எல்லாம் தெரிஞ்சுபோச்சுங்களா?" என்றான் மூக்கன்.

ஐயாக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கொத்தனாரே, உங்க தொழில் நுணுக்கம் தொரைக்கு ஒண்ணும் புடிபடலையாமுங்க; நாளைக்குப் பெரிய தொரை வந்து கேட்டா, மண்ணு வெச்சது, எறும்பு உட்டது, பொகை போட்டது அம்புட்டும் சின்னத் தொரை சொல்லிக் குடுத்துத்தான் செஞ்சேன்னு நீங்க தயவு பண்ணிச் சொல்லோணுமாமுங்க, அவரு இஞ்சினீரே இல்லீங்களாம்!"