குப்பை திரும்பி வந்த சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை மூன்றாம் மாடி வீட்டில் இருந்தவர்கள்: வீட்டுக்காரர் நிபால்தோ, அவர் மனைவி எதெல்மிரா, மகள் யாஸ்னா. யாஸ்னாவைப் பெண் கேட்டு மத்தியானம் இரண்டு மணிக்கு வரவிருந்தவர்கள்: பையன் எப்ராயின், அவன் அப்பா ஃபிதென்சியோ, அம்மா சாயோ. ஆக ஆறு பேர். சமையலறையில் குப்பைப் பைகளும் ஆறு. ஆளுக்கு ஒன்று. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் எதெல்மிராவுக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

"இங்க பாருங்க. ரெண்டு மணிக்குள்ள குப்பை வெளிய போகணும். இல்லன்னா நீங்க வெளிய போகணும். பொண்ணு கேக்க வர்ற வீட்ல இறால் ஓடு நாறிச்சுன்னா, அந்தம்மா வாசல்லயே திரும்பிடும்."

"நான் என்ன வெச்சுக்கிட்டு கொஞ்சுறேனா? அந்தக் குப்பை வண்டி சோன் வாங்க மாட்டேங்கிறானே."

"எல்லார்கிட்டயும் வாங்குறார். உங்ககிட்ட மட்டும் வாங்க மாட்டேங்கிறார். ஏன்னு யோசிச்சீங்களா?"

யோசித்திருந்தார். நன்றாகவே யோசித்திருந்தார்.

அவரும் மனைவியும் சிலி நாட்டிலிருந்து மெக்சிகோ நகரத்துக்குக் குடிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மகள் முன்னதாகவே வேலைக்காக இங்கே வந்திருந்தாள். சொந்த ஊரில் ராத்திரி குப்பையை வாசலில் வைத்தால் காலையில் இருக்காது. எடுத்தது யார், எப்படி இருப்பான், யாருக்கும் தெரியாது. இங்கே அப்படியா? கைமணி அடித்துக்கொண்டு ஒருவன் முன்னால் வருவான். பின்னால் குப்பை வண்டி. ஊரே பையோடு கீழே இறங்கும். வண்டிக்காரர் சோன் கையில் பையையும் கொடுக்கும், கூடவே எதையோ வைத்து அழுத்தும்.

எவ்வளவு? அதுதான் நிபால்தோவின் வியாதி. முப்பது வருஷம் தானியக் கிடங்கில் எடை போட்டவர் அவர். ஒரு தொகை சொன்னால் கொடுத்துவிட்டு ரசீது கேட்பார். இந்த ஊரில் யாரும் தொகை சொல்வதில்லை.

முதல் வாரமே சோனிடம் நேராகக் கேட்டார். "எவ்வளவுப்பா?"

"ஐயோ, கேக்கறதுக்கு நான் யாருங்கய்யா? உங்க மனசு எப்படியோ அப்படி."

"என் மனசு எப்படியும் இல்ல. நீ தொகையச் சொல்லு."

"மனசுக்கு ஏதுங்கய்யா தொகை?"

"அப்ப ஒண்ணும் கிடையாது."

சோன் கோபப்படவில்லை. தொப்பியைத் தொட்டு வணங்கினார். பிறகு பையைப் பிரித்து, நகை பார்ப்பது போலப் பார்த்தார். "மன்னிக்கணும்யா. மக்குறதும் மக்காததும் கலந்து கிடக்கு. சட்டம் இடம் கொடுக்காது." பக்கத்து வீட்டு அம்மாளின் பை, ஒரு பாட்டில், ஒற்றைக் காலுறை, பட்டுப்போன ரோஜாச் செடி, பாதி நாற்காலி எல்லாம் சேர்ந்து, அதே நேரத்தில் வண்டிக்குள் பறந்தது.

நிபால்தோ விட்டாரா? மறுமுறை பிரித்தார். மக்கும் குப்பை தனி, மக்காத குப்பை தனி. ஒவ்வொரு பையிலும் முத்து முத்தாகச் சீட்டு எழுதி ஒட்டினார்: "மக்கும் குப்பை. நிபால்தோ. மூன்றாம் மாடி, வீடு எண் ஆறு." கீழே தெருவின் பெயரும். சோன் வெகுநேரம் தேடி ஒரு தேயிலைப் பொட்டலத்தை எடுத்தார். "இலை மக்கும்யா. நூலும் மக்கும். இந்தக் குட்டிக் கம்பி மக்காதே!" பை மாடிக்குத் திரும்பியது. இப்படிச் சேர்ந்தவைதான் அந்த ஆறும். சனிக்கிழமை காலையிலும் கீழே போய் ஆறும் மேலே வந்தன.

அப்போதுதான் நிபால்தோவுக்கு அந்த மகத்தான எண்ணம் உதித்தது.

"எதெல்மிரா, குப்பையப் போட்டாத்தானே டிப்ஸ் கொடுக்கணும்? தொலைச்சா?"

"என்னது?"

"தொலைக்கிறதுக்கு உலகத்துல எவனும் டிப்ஸ் கேட்டதில்ல!"

எதெல்மிரா ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பூப்போட்ட பரிசுப் பைகளை நிபால்தோ எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு குப்பைப் பையை இறக்கினார். சீட்டுகளைக் கிழிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கையெழுத்து அத்தனை அழகாக விழுந்திருந்தது. மனம் வரவில்லை. பூங்கா பெஞ்சில் ஒன்று, பேருந்து இருக்கையில் ஒன்று, தேவாலயத்தில் ஒன்று, ரொட்டிக்கடைப் படியில் ஒன்று, முடிதிருத்தும் கடையில் ஒன்று, வங்கி வரிசையில் ஒன்று. பன்னிரண்டு மணிக்கு வெறுங்கையோடு, பாடிக்கொண்டே வீடு திரும்பினார்.

இரண்டு மணிக்கு விருந்தினர் வந்தார்கள். வீடு ரோஜாவாக மணந்தது. ஃபிதென்சியோ பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. சாயோ அம்மாள் அதிகம் பேசமாட்டார். வலது புருவத்தாலேயே எல்லாம் சொல்லிவிடுவார்.

முதல் வாய் சோறு உள்ளே போகவில்லை. வாசல் மணி அடித்தது.

பூங்காவில் ஷூ பாலிஷ் போடும் ஆள் நின்றிருந்தான். கையில் பூப்போட்ட பை. "நிபால்தோ ஐயா நீங்கதானே? பெஞ்சுல மறந்துட்டு வந்துட்டீங்க. உள்ள உங்க பேரு இருந்துச்சு."

நிபால்தோ பையை வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். அவன் போகவில்லை. தொப்பியைக் கையில் சுற்றினான்.

"எவ்வளவுப்பா?"

"ஐயையோ. உங்க மனசு எப்படியோ அப்படி."

இரண்டு பெசோ கொடுத்தார். அவன் காசைப் பார்த்தான். செத்த குருவியைப் பார்ப்பது போலப் பார்த்தான். மேசையிலிருந்து ஃபிதென்சியோ இருமினார். சாயோவின் புருவம் அரை அங்குலம் ஏறியது. யாஸ்னா அப்பாவின் முதுகில் கிள்ளினாள்.

அடுத்து மணி அடித்தது பேருந்து ஓட்டுநர். வண்டியையும் பயணிகளையும் தெருமுனையில் நிறுத்திவிட்டு மூச்சிரைக்க ஏறி வந்திருந்தார். இருபது கொடுத்தார் நிபால்தோ. புருவம் கால் அங்குலம் இறங்கியது. மூன்றாவது, தேவாலயத்தில் மணி அடிப்பவர். ஐம்பது. புருவம் இருக்கவேண்டிய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

அடடா! கடைசியில் ஒரு தொகை கிடைத்துவிட்டது. நிபால்தோவுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ரொட்டிக்கடைக்காரி, முடிதிருத்துபவர், வங்கிக் காவலாளி, எல்லாருக்கும் சட்டென்று ஐம்பது ஐம்பதாக நீட்டினார். பைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தன. ரோஜா மணம் பின்வாங்கியது.

"என்ன சம்பந்தி, இது ஒரு மாதிரி வாசம் வருதே?" என்றார் ஃபிதென்சியோ.

"அது... எங்க ஊர் பாலாடைக்கட்டி."

"ஆறு பையா? எங்களுக்கா? சாயோ, பாத்தியா மனுஷன! ஒண்ணப் பிரிங்க சம்பந்தி, இப்பவே ருசி பாத்துடுவோம்."

"வேண்டாம்! இன்னும் பக்குவத்துக்கு வரல."

"பாத்தா வந்துட்ட மாதிரிதான் இருக்கு" என்றார் சாயோ. அன்று அவர் பேசிய முதல் வாக்கியம்.

எதெல்மிரா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இதோ வந்துடுறேன்" என்று பின்கட்டுப் படி வழியாக இறங்கிப் போனாள். கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள்.

பிறகு மறுபடி மணி. கீழ்வீட்டு அம்மாள், பையோடு. ஐம்பது. மறுபடி மணி. எதிர்க்கடை முட்டை வியாபாரி, பையோடு. ஐம்பது. கடைசியாக இன்னொரு முறை மணி. கதவைத் திறந்தால், தலை வாரி, முகம் கழுவி, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு குப்பை வண்டி சோன்.

"ஐயா, உங்களுது ஒண்ணு வண்டிக்குள்ள விழுந்து கிடந்துச்சு. நல்லவேளை பாத்தேன்."

எடுத்துப் போக ஒரு பெசோ கொடுக்காத ஆளுக்கு, கொண்டுவந்து கொடுத்ததற்காக, புருவத்தின் முன்னிலையில், நிபால்தோ ஐம்பது பெசோ எண்ணிக் கொடுத்தார்.

ஃபிதென்சியோ எழுந்து நின்று அவரைக் கட்டிக்கொண்டார். "இந்த மாதிரி தாராள மனசுள்ள மனுஷன் வீட்ல பொண்ணு எடுக்க நாங்க கொடுத்து வெச்சிருக்கணும்." சாயோ, யாஸ்னாவின் நெற்றியில் முத்தமிட்டார். கல்யாணம் நிச்சயமானது.

அவர்கள் படியிறங்கியதும் நிபால்தோ சுவரோரம் போய் எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"எதெல்மிரா. நான் தொலைச்சது ஆறு. வந்தது ஒன்பது."

"ஆமா. முதல் ஆறும் யோக்கியமான ஜனங்க கொண்டு வந்தது. மீதி மூணு என் ஏற்பாடு."

"ஏற்பாடா? யார் வீட்டுக் குப்பை அது?"

"கீழ்வீட்டுது. நம்ம சீட்டு எழுதி நானே ஒட்டினேன். உங்க கையெழுத்து அளவுக்கு வரல, ஆனாலும் பரவாயில்ல."

"எதுக்குடி?"

"ஒரு பைக்கு அம்பது கொடுக்குற ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான். அந்த மூணு பேரும் வாங்குனதுல பாதி எனக்கு. அந்தக் காச அப்படியே சோன் அண்ணன்கிட்ட கொடுத்துடுவேன். இனிமே நம்ம குப்பைல அவர் கம்பி தேட மாட்டார்."

கீழே கைமணி கேட்டது. வண்டியின் இரண்டாவது சுற்று. எதெல்மிராவும் யாஸ்னாவும் மூன்று நடையில் எல்லாப் பைகளையும் இறக்கினார்கள். நிபால்தோ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். போகட்டும். பெண்ணுக்குக் கல்யாணம். வீட்டில் நாற்றம் இல்லை.

எதெல்மிரா கைகழுவிக்கொண்டு வந்தாள்.

"ஒன்பதையும் எடுத்துக்கிட்டானா?"

"எட்ட வண்டில ஏத்திட்டார்."

"அப்ப ஒண்ணு?"

"அத முன்சீட்ல பத்திரமா வெச்சிருக்கார். நாளைக்குச் சாயோ அம்மா கல்யாணத் தேதி குறிக்க வர்றாங்கல்ல? அப்பக் கொண்டு வருவார்."

ஆக, மிச்சம் ஒன்று.