பாலில் போட்ட பன்னு

தெரியாத பாஷையைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள அரை நொடி போதும். அந்த அரை நொடி வெட்கத்துக்குப் பயந்துதான் நான் முன்பல்லைத் தொலைத்தேன். பல் மட்டும் போயிருந்தால் இதை எழுதவே மாட்டேன்.

தங்கவயலில் பிறந்தவனுக்கு மூன்று பாஷை வரும் என்று ஊரே நம்பும். எனக்குத் தமிழ் வீட்டில் வந்தது, கன்னடம் பள்ளிக்கூடத்தில் வந்தது. தெலுங்கு மட்டும் சினிமா சண்டைக் காட்சிகளில் பொறுக்கியது. (அதில் யாரும் முழு வாக்கியம் பேசுவதில்லை.) ஆனாலும் காலை ரயிலில் என்னோடு பெங்களூருக்கு வேலைக்கு வரும் மெர்சியிடம், "தெலுங்கா? நமக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அளந்து வைத்திருந்தேன். மெர்சி எங்கள் சர்ச் பெண். மூன்று வருஷம் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தேன். 'உன்ன எனக்குப் புடிச்சிருக்கு' என்று மட்டும் சொல்ல முடியவில்லை.

அப்போது அவளுக்குத் துபாயில் ஒரு ஓட்டலில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கிளம்புகிறாள். சனிக்கிழமை காலை, அக்கா வீட்டுக்காரரின் ஸ்கூட்டரை இரவல் வாங்கி, "ஆண்டர்சன்பேட்டைக்குத்தானே? நான் வுடறேன், ஏறு" என்றேன். முகத்தைப் பார்க்காமல் பேச ஸ்கூட்டரை விட்டால் வேறு வழி ஏது? (எப்பேர்ப்பட்ட வீரன் பாருங்கள்!)

"மெர்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் திரும்பினேன். முன்னால் வேகத்தடை. ஸ்கூட்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மெர்சி எப்படியோ காலூன்றி நின்றுவிட்டாள். நான் வாயால் தரையிறங்கினேன்.

"ஐயோ ஜெபா! வாயெல்லாம் ரத்தம்! முன்பல்லு ஒண்ணு காணோம்!"

பங்காருபேட்டையில் இருக்கும் பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். எடுத்த பெண் தெலுங்கில் பொரிந்து தள்ளினாள். மெர்சி போனை என்னிடம் நீட்டினாள். "நீதான் தெலுங்குப் புலியாச்சே, இந்தா."

"பன்னு பாலல்லோ ஏஸ்கோனி பிர்ன தீஸ்கோனி ரண்டி!" என்றது போன்.

ரண்டி என்றால் வாங்க. பால் பால்தான். பன்னு பன்னுதான். இதில் என்ன கஷ்டம்?

"இன்னா சொல்றாங்க?"

"பன்ன பால்ல போட்டு எடுத்துக்கினு வரணுமாம். வெறும் வயித்துல ஊசி போடமாட்டாங்க போல."

எதிரிலேயே பேக்கரி. இரண்டு பன், ஒரு டம்ளர் பால் வாங்கினாள். என் இரண்டு கையிலும் சிராய்ப்பு. அதனால் அவளே பிய்த்து, பாலில் நனைத்து, என் வாயில் நல்ல பக்கம் எது என்று பார்த்துப் பார்த்து ஊட்டினாள். "மெதுவா... வலிக்குதா?" என்று ஒவ்வொரு வாய்க்கும் கேட்டாள். உயிர் போகிற வலிதான். ஆனாலும் சொல்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை. முதல் பன் தீர்ந்ததும் வெட்கமில்லாமல் இரண்டாவதையும் கேட்டேன். அந்தப் பன் தீரவே கூடாது என்று இருந்தது.

ஆட்டோ பிடித்துப் பங்காருபேட்டை போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா கையை நீட்டினார். "பன்னு எக்கட?"

வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.

"மிங்கேசினாரா?"

அந்த வார்த்தை எந்தச் சண்டைக் காட்சியிலும் வந்ததில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார். "அவுனு" என்று இரண்டு விரலைக் காட்டினேன். "ரெண்டு!"

அவர் பதறிப்போய் என் வாயைத் திறந்து எண்ணினார். ஒன்றுதான் குறைந்தது. அப்புறம் மெர்சியிடம் தமிழில் விசாரித்ததில் வண்டவாளம் வெளியே வந்தது. தெலுங்கில் பன்னு என்றால் பல். மிங்குவது என்றால் விழுங்குவது. விழுந்த பல்லைப் பாலில் போட்டு உடனே கொண்டுவந்திருந்தால் திரும்பப் பொருத்திப் பார்த்திருக்கலாம். நானோ பல்லை ரோட்டில் விட்டுவிட்டு, பன்னைத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

மெர்சி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் திரும்பி வந்ததும், ரோட்டோரம் குந்திப் பல்லைத் தேடியவளும் அவள்தான். எங்கள் ஊரில் சுரங்கத்து வெள்ளைக்கல் எங்கும் இறைந்து கிடக்கும். ஒவ்வொன்றும் பல் மாதிரியே இருந்தது. "இது இன்னா?" "கல்லு." "இது?" "இதுவும் கல்லு." தங்கவயலில் தங்கம் தேடியவர்கள் ஆயிரம் பேர். பல் தேடியது நாங்கள் இரண்டு பேர்தான்.

ஞாயிறு முழுக்கக் கண்ணாடி முன் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். 'புடிச்சிருக்கு' என்பதில் பாதி குக்கர் விசிலாக வந்தது. திங்கட்கிழமை சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். ரயில் நகர்வதற்கு முன் அவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள். "ஸ்கூட்டர்ல இன்னாவோ சொல்ல வந்தியே?" தலையை ஆட்டினேன், ஒன்றுமில்லை என்று. அவ்வளவுதான். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ரயிலில் அந்த ஜன்னலோர இடத்தை இப்போதும் என்னால் பார்க்க முடிவதில்லை.

பல் கட்டிக்கொண்டாயிற்று. மாமா, அதாவது ஸ்கூட்டர்காரர், எனக்குப் பெண் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறார். "மாப்பிள்ளைக்குப் பல்லும் பன்னும் ஒண்ணுதாங்க" என்பார். காபி வரும், பெண் வராது.

போன கிறிஸ்துமஸுக்கு மெர்சி கணவரோடும் மகளோடும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா விடுவாரா? இரண்டு விரலைக் காட்டி நடித்தே காட்டினார். வீடே அதிர்ந்தது. மெர்சிக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. கிளம்பும்போது மற்றவர்கள் காரில் ஏற, அவள் வாசலில் செருப்பு மாட்டியபடி மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு ஸ்டேஷன்ல இன்னாத்துக்கு நீ வாயே தொறக்கல?"

"பல்லு இல்லியே மெர்சி."

அவள் சிரிக்கவில்லை.

"நான் உன் பல்லையா பாத்துக்கினு இருந்தேன்?" என்று கேட்டுவிட்டு, போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.