பிக்கப் பார்க்கும் படலம்

'வாங்கப் போகிறவர்' என்று ஓர் இனம் உண்டு. வாங்குகிறவர் வேறு, இவர் வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடையில் கெட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்த எழுத்துகளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். மழைக்கு முன்பே குடை வாங்க முடிவுசெய்து, கம்பி எத்தனை, துணி எந்த ரகம், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் மடங்கும் என்றெல்லாம் அலசி, மழைக்காலம் முடிந்த மறுநாள் 'அந்தக் குடை சரிப்படாது' என்று மனநிறைவோடு தீர்மானிப்பவரும் அவர்தான். ஃபிரிட்ஜ் கெட்டுப்போனால் மற்றவர்கள் புதிதாக ஒன்று வாங்குவார்கள். இவர் ஒரு கோடை முழுவதும் குளிர்பதனத்தைப் பற்றிப் படிப்பார். பால் தினமும் திரியும். கேட்டால், "அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் யார் அவஸ்தைப்படுறது?" என்பார். ஏற்கெனவே அவஸ்தைப்படுகிறவர்கள் பதில் சொல்வதில்லை. பழகிவிட்டது.

இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத ஒருவர் நமக்குக் கிடைத்திருக்கிறார். தொழிற்சாலையில் இருக்கும் அழுத்தமானிகள் உண்மையைத்தான் காட்டுகின்றனவா என்று சோதிப்பது அவருடைய வேலை. அலுவலக வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பார்கள். இவர் மீட்டரையே கொண்டுவருவார். டார்ச் லைட்டில் போடுவதற்கு முன்பு பேட்டரியை அளப்பார். அளந்த பிறகு போடமாட்டார். சின்ன வயதிலும் எதையாவது அளந்துகொண்டே இருப்பார்; தங்கை அப்போதே 'மீட்டர்' என்று பெயர் வைத்தாள். நிலைத்துவிட்டது.

மீட்டரின் அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வாரமெல்லாம் ஊராரை மேலே ஏற்றிக் கீழே இறக்கிவிட்டு, சனிக்கிழமை மாலையானால் நண்பர்களோடு ஒரு சின்ன மண்டபத்தில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். போன வருடம் இறந்துபோனார். கிட்டார் மிஞ்சியது. அதை வாசிக்கத் தெரிந்தவள் தங்கை. ஆனால் அது போய்ச் சேர்ந்தது மீட்டரிடம். "ஒரு சின்ன ரிப்பேர் இருக்கு, பார்த்துக் குடுத்துடறேன்" என்று அவர் சொன்னார். அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போதே தங்கை கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். துக்கத்தில் தோன்றவில்லை.

என்ன ரிப்பேர்? அது பாதி வயிறு காலியாக உள்ள கிட்டார். நடுவே ஒரு கட்டை, அதன் இருபுறமும் குடைவு, முகத்தில் வளைந்த இரண்டு துளைகள். தந்திகளுக்கு அடியில் பிக்கப் என்று இரண்டு உலோகப் பெட்டிகள். ஒவ்வொன்றின் உள்ளேயும் காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய கம்பி. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவது பிக்கப்பின் வேலை. நல்ல பிக்கப் தந்தியை மட்டும்தான் கேட்கும். உள்ளே இருக்கும் கம்பி ஆடிவிடக் கூடாது என்பதற்காக அதை மெழுகில் முக்கி எடுத்திருப்பார்கள். அப்பாவுடைய பிக்கப்பில் மெழுகு இல்லை. பென்சிலால் தட்டினால் ஆம்ப்ளிஃபயர் 'டொக்' என்கிறது. சட்டைப் பொத்தான் உரசினால் கரகரக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடுகிறது.

மீட்டர் பென்சிலால் ஒரு முறை தட்டினார். நோய் தெரிந்துவிட்டது. தந்திகளைக் கழற்றினார்.

"மாத்திடணும்" என்றார்.

அன்றைக்குத் தொடங்கியது பிக்கப் பார்க்கும் படலம்.

பெண் பார்த்திருப்பீர்கள், மாப்பிள்ளை பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஏதாவது ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர் களைத்துப்போய் 'சரி' என்று சொல்லித் தொலைப்பார். இங்கே அந்த வசதி இல்லை. இணையத்தில் கிட்டார்க்காரர்கள் கூடிப் பேசும் இடங்களுக்குள் மீட்டர் இறங்கினார். ஒரு பிக்கப் 'இதமாக' இருக்கும் என்றார் ஒருவர். இன்னொன்று 'வெண்ணெய்' என்றார் மற்றொருவர். இரண்டாம் நம்பர் காந்தம் சாது, ஐந்தாம் நம்பர் துடுக்கு என்றார்கள். ஒன்றைப் பற்றி, 'இது நேர்மையான பிக்கப்' என்று யாரோ எழுதியிருந்தார். நேர்மையை எந்த அலகில் அளப்பது என்று மீட்டர் பணிவாகக் கேட்டார். அங்கே மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை என்று கேள்வி.

அதனால் தன் வழியில் போனார். பழைய பிக்கப்பின் மின்தடையை அளந்து, அதே எண் உள்ள புதியதைத் தேடினார். எடை பார்த்துப் பாடகரைத் தேர்ந்தெடுப்பதுபோல.

இந்த வகைக் கிட்டாருக்குப் பின்பக்கம் கதவு கிடையாது. உள்ளே இருக்கும் ஒயரையும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களின் அடிப்பாகங்களையும் முகத்தில் உள்ள அந்தத் துளை வழியாகத்தான் வெளியே இழுக்க வேண்டும். மறுபடி உள்ளே அனுப்ப வழி தெரிய வேண்டுமே? ஒவ்வொரு குமிழிலும் ஒரு கலர் நூலைக் கட்டினார். ஒவ்வொரு நூலிலும் ஒரு சீட்டு ஒட்டினார். எதையும் இழுக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் தயார், நோயாளி தயார், டாக்டர் மட்டும் கத்திகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். நோயாளி படுத்திருந்தது சாப்பாட்டு மேஜையில். மிச்சமிருந்த பாதியில் அவரும் அம்மாவும் தோளோடு தோள் இடித்துச் சாப்பிட்டார்கள்.

கடைக்கும் போனார்.

"எந்த மாதிரி சவுண்ட் வேணும் சார்?" என்றார் கடைக்காரர்.

"அப்பா சவுண்ட்."

"அப்படின்னா?"

"எங்கப்பா வாசிச்சா எப்படி இருக்குமோ, அப்படி. ஆனா இரைச்சல் இல்லாம."

"அதுக்குன்னே ஒரு மாடல் வந்திருக்கு சார்!"

கடைக்காரர்களிடம் எதற்கும் 'அதுக்குன்னே' ஒரு மாடல் இருக்கும். மீட்டர் விவரத்தாளை வாங்கிக்கொண்டு வந்தார். பிக்கப்பை வாங்கவில்லை.

உங்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். பழையது எப்படி ஒலிக்கும் என்று கேட்காமல் அதுபோல் புதியதைத் தேட முடியுமா? முடியாது. இத்தனை மாதத்தில் ஒரு முறையாவது கேட்டாரா? இல்லை. ஏன்? தந்தி இல்லை. தந்தியை ஏன் மாட்டவில்லை? எந்தத் தந்தி நல்லது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு மேல் துருவினால் மீட்டர் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். துருவாதீர்கள்.

அப்படியே போயிருந்தால் இன்னும் அப்படியே போய்க்கொண்டிருக்கும். அப்பாவோடு முப்பது வருடம் டிரம்ஸ் வாசித்த மாமா தங்கைக்குப் போன் செய்தார். "சனிக்கிழமை நம்ம மண்டபம் கிடைச்சிருக்கும்மா. அவனுக்காக ஒரு நாள் வாசிக்கப் போறோம். அவன் இடத்துல நீ வாசிக்கணும், அவன் கிட்டார்ல. வேற ஏதாவது தூக்கிட்டு வந்தே, நான் குச்சியையே தொடமாட்டேன்."

தங்கை நேரே அண்ணன் வீட்டுக்கு வந்து, மேஜையைப் பார்த்தாள். கலர் கலராக நூல் தொங்கியது.

"என்னண்ணா இது, பட்டம் விடப் போறியா?"

"கிட்டத்தட்ட முடிஞ்சுது. ரெண்டு ஜோடியில வந்து நிக்குது."

"போன மாசமும் ரெண்டு ஜோடிதானே?"

"அது வேற ரெண்டு."

"சனிக்கிழமைக்கு வேணும். இல்லைன்னா இப்படியே தூக்கிட்டுப் போயிடுவேன்."

"இப்படியே போனா மண்டபத்துல ஊளையிடும். மானம் போயிடும்."

"அப்பாவுக்குப் போகாத மானம் உனக்குப் போயிடுமா?"

இந்த இடத்தில் அதிசயம் ஒன்று நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஜோடியை வாங்கிவிட்டார். பார்சல் வந்தது. தங்கை கத்தரிக்கோலோடு வந்தாள். அம்மா, இனி மேஜை தன்னுடையது என்று துணியை நனைத்துக்கொண்டு வந்தார்.

"இருங்க" என்றார் மீட்டர்.

"இப்ப என்ன?"

"மாத்தினதுக்கப்புறம் நல்லாயிருக்குன்னு எப்படித் தெரியும்? மாத்தறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு ரெக்கார்ட் பண்ண வேணாமா?"

தங்கை மேலே பார்த்தாள். கூரைதான் இருந்தது. பையிலிருந்து தன்னுடைய தந்திகளை எடுத்து மாட்டினாள். அது எந்த ரகம் என்று மீட்டர் கேட்க வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். பிறகு ஃபேனை நிறுத்தினார், ஜன்னலை மூடினார், கம்ப்யூட்டர் திரையில் ஓடும் பச்சைக் கோட்டின் முன்னால் உட்கார்ந்தார். "யாரும் பேசக் கூடாது. மூச்சுகூட மெதுவா விடுங்க."

தங்கை விரல்களை வைத்து ஒரு முறை மீட்டினாள்.

கோடு எழும்பியது. மீட்டர் கோட்டையே பார்த்தார். ஒலி அறையெங்கும் பரவி, மெல்லத் தேய்ந்தது. கோடு தட்டையான பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இன்னொண்ணு வாசிக்கவா?"

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஈரத்துணியோடு வந்து தங்கையின் மடிமேல் குனிந்து மேஜையின் அந்தப் பக்கத்தைத் துடைத்தபடி, "மேஜையை எப்போதான் குடுப்பீங்க?" என்றார்.

'எப்போதான் குடுப்பீங்க?' என்றது ஆம்ப்ளிஃபயர். பழைய டெலிபோனில் வருவதுபோல் மெலிந்த குரல். ஆனால் அம்மாவேதான், அந்தக் கடுகடுப்பு உட்பட.

முதலில் அம்மா சிரித்தார்.

"அட, இன்னும் கேக்குது பாரேன்!"

"என்னம்மா கேக்குது?"

"நான் திட்டறதுதான். உங்கப்பா வாசிச்சிட்டிருப்பார். நான் பக்கத்துல போய் ஏதாவது சொன்னா, வேணும்னே சத்தத்தைக் கூட்டற குமிழைத் திருகிவிடுவார். நான் திட்டினது எனக்கே அந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்து வரும். அப்புறம் இப்படிக் குனிஞ்சு இதுக்கிட்ட வாயை வெச்சு, 'உத்தரவு மகாராணி'ன்னு சொல்வார். அதுவும் வரும்." அம்மா துணியைப் பிழிந்தார். பிழிய அதில் தண்ணீர் இல்லை. "கல்யாணமான நாள்லேருந்து நேருக்கு நேரா ஒரு தடவை சரின்னு சொன்னதில்ல அந்த மனுஷன். சொன்னதெல்லாம் இதுவழியாத்தான்."

தங்கை பார்சலைப் பார்த்தாள். "அண்ணா, புதுசுல இது வருமா?"

மீட்டருக்குப் பதில் தெரியும். பல மாதம் படித்தவர் அல்லவா? விவரத்தாளின் முதல் வரியே அதுதான்: தந்தியைத் தவிர வேறெதையும் கேட்காது.

"வராது" என்றார். "அதுக்குத்தான் மெழுகு."

கத்தரிக்கோலை எடுத்தார். நூல்களை ஒவ்வொன்றாக வெட்டினார். சீட்டுகளைக் குப்பையில் போட்டார். பார்சலைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு, பெட்டியை விட்டுத் தள்ளி நின்னு வாசிச்சா ஊளையிடாது" என்றார், தானே கண்டுபிடித்ததுபோல. அப்பா அப்படித்தான் நின்று வாசித்தார் என்று தங்கைக்குத் தெரியும். சொல்லவில்லை. நல்ல பெண்.

சனிக்கிழமை மண்டபத்தில் டிரம்ஸ் மாமா கிட்டாரை உற்றுப் பார்த்தார்.

"என்னடா, புதுசு போடறேன் புதுசு போடறேன்னியே?"

"ஒப்பிட்டுப் பார்த்தேன் மாமா. பழசுதான் பெட்டர்."

"எதுல பெட்டர்?"

மீட்டர் அலகு தேடினார். கிடைக்கவில்லை. "பொதுவா" என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக.

ஆட்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். தங்கை கிட்டாரை மாட்டிக்கொண்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். "சும்மா ஏதாவது சொல்லுண்ணா. கேக்குதான்னு பார்க்கணும்."

மீட்டர் குனிந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தார்.

"உத்தரவு மகாராணி."

அது பெட்டி வழியாக மெலிந்து, அடிக்குரல் எல்லாம் உதிர்ந்து, இன்னாருடையது என்று சொல்ல முடியாத ஓர் ஆண்குரலாக மண்டபத்துக்குள் போனது. கடைசி வரிசையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று திரும்பினார்.

பிறகு அங்கிருந்தே, "சரி, சரி, நேரமாச்சு. ஆரம்பிங்க!" என்று அதட்டினார்.

மாமா குச்சிகளை உயர்த்தினார்.

மீட்டர் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இனம் திருந்தியதாகத் தகவல் இல்லை. திங்கட்கிழமையே கிட்டாரை நிறுத்திவைக்க ஒரு ஸ்டாண்டு தேட ஆரம்பித்துவிட்டார். மூன்று கால் போதுமா, நான்கு வேண்டுமா என்று போய்க்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை கிட்டார் மேஜையில்தான் இருக்கும். அம்மா இப்போது ஒன்றும் சொல்வதில்லை. சொன்னாலும் அதன் பக்கத்தில் போய்த்தான் சொல்கிறார்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டுதான் படித்தீர்கள். ஆனால் ஒரு விஷயம். அலமாரியில் இருக்கும் அந்தப் புது ஜோடி எது? இரண்டாம் நம்பர் காந்தமா, ஐந்தாம் நம்பரா? நான் சொல்லவே இல்லையே என்று நடுவில் ஓரிடத்தில் நினைத்தீர்கள் அல்லவா? கொஞ்சம் மேலே போய்த் தேடியும் பார்த்திருப்பீர்களோ?

அப்படியென்றால் எழுந்து உங்கள் வீட்டு மேஜையைப் பாருங்கள். ஏதோ ஒன்று பாதி மேஜையை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதை ஒரு தடவை போட்டுக் கேளுங்கள். ஆராய்ச்சி எங்கும் ஓடிவிடாது.