பாலேந்திராவின் வழிகாட்டி நாய்

சலுகை என்று எங்கே எழுதியிருந்தாலும் அதைத் தனக்கென்றே எழுதியதாக வாசிக்கும் ஓர் இனம் மனிதரிடையே உண்டு. திருடர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பிறர் பொருளைத் தொடமாட்டார்கள். பிறர் கஷ்டத்தை மட்டும் சற்று நேரத்துக்கு இரவல் வாங்குவார்கள். முதியோர் ஆசனத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், வைத்தியரிடம் போனால் வரிசையைப் பார்த்ததும் இருமத் தொடங்குபவர், பிள்ளை பிறந்து ஆறு மாதமான பிறகும் மனைவியைக் கர்ப்பிணி என்றே அறிமுகப்படுத்துபவர் எல்லோரும் இந்த இனத்தவரே.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் அந்த இனத்தின் பிரதிநிதி பாலேந்திரா. மனிதருக்குத் தலையசைக்காத டேனிஷ்காரர் கூட நாயைக் கண்டால் நின்று குசலம் விசாரிப்பார்கள் என்று கண்டுகொண்ட நாளில் ஒரு நாய் வாங்கினார். பெயர் பம்ஸ. குட்டைக் கால், தரையைக் கூட்டும் வயிறு. ஆனால் பம்ஸவைப் பேக்கரிக்குள் விடவில்லை. பஸ்ஸில் ஏற்றுவதும் ஏற்றாமல் விடுவதும் சாரதியின் விருப்பம். பார்வையற்றவரின் வழிகாட்டி நாயை மட்டும் எவரும் மறுப்பதில்லை என்று அறிந்ததும், பாலேந்திரா பழைய சூட்கேஸின் பட்டியை வெட்டி ஒரு வெள்ளைச் சேணம் தைத்தார், கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினார். தூரத்தில் வரும் பஸ்ஸின் இலக்கத்தை வாசித்துவிட்டுத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். பேக்கரியில் பெரிய துண்டுக் கேக்கை விரலால் சுட்டிக்காட்டி வாங்குவார். யாராவது ஏதும் கேட்டார்களா? இல்லை. ஒருவருடைய கண்ணைப் பற்றிக் கேட்பது மரியாதையில்லை என்று வளர்க்கப்பட்ட நாடு.

மனைவி மனோரஞ்சிதம் கேட்டாள்.

"ஏனப்பா உந்தக் கூத்து? ஆரும் கண்டால் வெக்கமெல்லே?"

"என்ன வெக்கம்? எங்கட சனத்தின்ர உரிமையை ஒரு மந்திரியே அமுக்கி வைச்சிருந்தவர். விசாரணை நடக்கிறதை டீவியில பாக்கிறீர்தானே? இனி ஒரு உரிமையையும் விடக்கூடாது."

தமிழ் அகதிகளின் மனைவி மக்களை இங்கே அழைக்கும் விண்ணப்பங்களை நீதி மந்திரி கிடப்பில் போட்டது ஏன் என்று நாடே விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. பாலேந்திரா குடும்பத்தோடு வந்தவர். ஆனாலும் அந்த அநீதியில் தமக்குரிய பங்கை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

உண்மையாகவே காத்திருந்தவர் அந்தோனிதாசன். மன்னாரில் ஷெல் விழுந்து இரு கண்ணும் போனவர். இங்கே வந்து, பயிற்சி பெற்ற ஒரு கறுப்பு நாயோடு நடக்கப் பழகியவர். மனைவி அருள்நாயகியின் விண்ணப்பம் வருடக்கணக்காகக் கிடந்து, ஒருவழியாக அனுமதி கிடைத்திருந்தது. அன்று மத்தியான ரயிலில் அவள் கோப்பன்ஹேகனிலிருந்து ஹோர்சன்ஸுக்குத் தனியாக வந்துகொண்டிருந்தாள். மொழி தெரியாதவள். கணவர் ஸ்டேஷன் மேடையில் நிற்பார் என்ற ஒரு நம்பிக்கைதான் அவளிடம் இருந்தது.

ஸ்டேஷனுக்குப் போக அந்தோனிதாசன் ஏறிய பஸ்ஸில் பாலேந்திரா ஏற்கெனவே இருந்தார், பம்ஸவோடு, ஜன்னலோரமாக, வேடிக்கை பார்த்தபடி. சாரதி இரண்டு கறுப்புக் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தான். கண்ணாடிக்காரர்மேல் கனநாளாக அடக்கி வைத்திருந்த சந்தேகம் மரியாதையை முந்திவிட்டது. அந்தோனிதாசனின் முகத்துக்கு நேரே கையை நீட்டி, எத்தனை விரல் என்று கேட்டான்.

"தெரியாது," என்றார் அந்தோனிதாசன்.

பாலேந்திராவுக்கு மனம் கேட்கவில்லை. மொழி வகுப்பில் நம்மவர் ஒருவர் விடை தெரியாமல் முழிக்கும்போது பின்வரிசை வாங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது அகதி முகாமிலிருந்தே எங்களவரின் தருமம். அவர் எழுந்து, தெளிவான டேனிஷில் உரக்கச் சொன்னார்:

"மூன்று!"

சாரதி இருவரையும் இறக்கிவிட்டான். நாய்களையும்தான். ஒருவருக்கு விரல் தெரிந்தால் மற்றவருக்கும் தெரியும் என்பது அவனுடைய கணக்கு. ஒரே நிறம், ஒரே கண்ணாடி, ஒரே மொழி.

"தம்பி, உமக்குக் கண் தெரியுமோ?" என்றார் அந்தோனிதாசன், நடைபாதையில் நின்று.

"இண்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லை, அண்ணை."

"அப்ப ஸ்டேஷனுக்கு ஓடும். என்ர மனுசி வாற ரயில் வந்திடும். நான் இவனோட நடந்து வாறன். அவளைத் தனிய நிக்க விடாதையும்."

பாலேந்திரா ஓடினார். பம்ஸவால் ஓட முடியாது, ஆகவே வழிகாட்டியைக் கக்கத்தில் தூக்கிக்கொண்டு ஓடினார். ரயில் போய்விட்டிருந்தது. வெறிச்சோடிய மேடையில் ஒரு பெண் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மந்திரி தாமதப்படுத்தியது போக மிச்சத்தைத் தாமதப்படுத்தியவர் மூச்சிரைக்க அவள் முன்னால் போய் நின்றார்.

"அழாதையுங்கோ அக்கா, அண்ணை வாறார். பஸ்காரன் நாயோட ஏத்தமாட்டன் எண்டு இறக்கிப்போட்டான்."

"ஏன்? கண் தெரியாத மனுசனை ஏன் இறக்கினவன்?"

பாலேந்திரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"இஞ்ச கொஞ்சப்பேர் பொய்க்கு நாயைக் கொண்டு திரியினம், அக்கா. அவையளாலதான் உண்மையான ஆக்களுக்கு இந்தக் கஷ்டம்."

சொல்லும்போது அவர் நடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் கொஞ்சப்பேர் யாரோ வேறு ஊரில் இருந்தார்கள்.

இதை வாசிக்கையில் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்திருப்பார், சிரித்தும் இருப்பீர்கள். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அவரும் சிரித்தார். யாரை நினைத்து என்று கேட்டேன். உங்கள் பெயரைச் சொன்னார்.