ஆட்டுக்குத் தண்ணி காட்டிய மாப்பிள்ளை

“…அப்ப நான் மூணு நாள் உபவாசம் இருந்தது யாருக்கு? கர்த்தருக்கா, இல்ல ஒங்க ரெண்டு பேரு போனுக்கா?”

கேட்டவர் ஞானமுத்து மாமா, எனக்கு மாமனாராக வர இருந்தவர். கேட்ட இடம் றக்வானைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், அவருடைய லயத்து வரிசை வீட்டு வாசலில் போட்ட தகரப் பந்தல். கேட்ட நாள், அவருடைய மகள் சலோமிக்கும் எனக்கும் பரிசம் போட்ட நாள். (போட இருந்த நாள் என்பதுதான் சரி.) பந்தலுக்குள் எழுபது பேர் இருந்தார்கள். என் கையில் மைக். அந்த மைக்கின் வயர் போய்ச் சேர்ந்த லவுட் ஸ்பீக்கர் கொய்யா மரத்தில், கீழ் டிவிசன் லயங்களைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. ஆகவே எழுபது பேர் என்பது கண்ணுக்குத் தெரிந்தவர்கள் மட்டும்.

பொய் சொல்லிக் கெட்டவர்களை உங்களுக்குத் தெரியும். உண்மை சொல்லிக் கெட்டவர்களையும் தெரிந்திருக்கும். முதலில் பொய்யைச் செய்து, பிறகு அதன் உண்மையைச் சொல்லி, இரண்டிலும் ஒரே வீட்டில் கெட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். என் அம்மா அப்போதே சொல்லுவார், “கொழுந்துக் கூடையும் வாயும் ஒண்ணுடா டேவிட். ரொம்பினா தானா சரியும்.” அன்றைக்குக் கூடை சரியவில்லை, மலையே சரிந்தது.

நான் அப்போது றக்வானை டவுனில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்தேன். சலோமி தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். பிள்ளைகளின் சுவரில் யானை வரைய பெயின்ட் வாங்க வந்தாள். சாம்பல் நிறம் கேட்டாள், நான் நீலத்தைக் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்க வந்தாள். பிறகு தூரிகை வாங்க வந்தாள், அது முடி கொட்டுகிறது என்று வந்தாள். ஒன்றரை வருஷத்தில் அந்தச் சுவரில் ஒரு காடே வளர்ந்துவிட்டது.

ஆனால் வீட்டில் சொல்ல முடியாது. ஞானமுத்து மாமா தேயிலை பேக்டரியில் கொழுந்து வாடப்போடும் மேல்மாடியில் வேலை, சபையில் மூப்பர். காதலைப் பற்றிப் பேச்சு வந்தால், “வாலிபப் புள்ளைங்க தானா தேடக்கூடாது, ஆண்டவரு காட்டணும்” என்று முடித்துவிடுவார். பொல்லாதவர் இல்லை. தோட்டத்தில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் முதலில் போய் நிற்கிற மனுஷன். அதனால்தான் பயம். கெட்ட மனுஷனை ஏமாற்றினால் மனசு கொஞ்சம் ஆறும், நல்ல மனுஷனை ஏமாற்றினால் ஆறாது.

சலோமிக்கு வரன் வரத் தொடங்கியது. எதைப் பிடிப்பது என்று தெரியாமல் மாமா மூன்று நாள் உபவாசம் இருந்தார். மூன்றாம் நாள் காலையில், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்கு ஆட்கள் கிளம்பும் முன்னே, முழங்காலில் நின்று சத்தமாக ஜெபம் பண்ணினார். (அவருக்கு மெதுவாக ஜெபம் பண்ணத் தெரியாது. ஆண்டவருக்குக் காது கேட்கும் என்று பாஸ்டர் ஐயாவே ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார்.)

“கர்த்தாவே! அந்தக் காலத்துல பொண்ணு தேடிப் போன ஊழியக்காரன் கிணத்தடியில அடையாளம் கேட்டானே, அதே மாதிரி நானும் கேக்குறேன். வர்ற சனிக்கிழமை டவுனுக்குப் போய் ஆடு ஒண்ணு வாங்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். எந்த வாலிபன் வந்து, நான் கேக்காமலே எனக்கும் தண்ணி குடுத்து, என் ஆட்டுக்கும் தண்ணி காட்டுறானோ, அவன்தான் என் மகளுக்கு!”

லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. அடுத்த அறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சலோமி துருவலை அப்படியே விட்டுவிட்டுப் போனை எடுத்தாள். எனக்கு வந்த செய்தி இவ்வளவுதான்: ‘சனிக்கிழமை. பஸ் ஸ்டாண்ட். அப்பாவுக்குத் தண்ணி. ஆட்டுக்கும் தண்ணி. கேள்வி கேக்காதீங்க.’

நான் கேட்கவில்லை. கடையிலிருந்து ஒரு புது பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு போனேன்.

போனால், மாமா ஆட்டோடு நிற்கிறார். கறுப்பு ஆடு, முறைத்த பார்வை. “ஐயா, வெயிலா இருக்கே, தண்ணி குடிங்க” என்று போத்தலை நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். குடித்தார். அடுத்து ஆட்டிடம் வாளியை வைத்தேன். ஆடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்தப் பக்கம் வைத்தேன், அந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் வைத்தேன், இந்தப் பக்கம். என் ஆயுளே அந்த ஆட்டின் நாக்கில் தொங்கியது. “குடிம்மா, தாயே, ஒரு வாய்” என்று பஸ் ஸ்டாண்டில் முழங்கால் போட்டுக் கெஞ்சினேன். பக்கத்தில் நின்ற த்ரீவீல்காரர், “மொகத மல்லி, எளுவாட்டத் வத்துரத?” என்று சிரித்தார். (என்ன தம்பி, ஆட்டுக்குமா தண்ணி என்று.) கடைசியில் கையில் அள்ளி அதன் மூக்கில் தெளித்தேன். நாக்கை நீட்டி நக்கியது. நிமிர்ந்து பார்த்தால் மாமாவின் கண் இரண்டும் கலங்கியிருந்தன.

“தம்பி, நீ எந்தத் தோட்டம்? சபைக்குப் போறியா?”

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாமா அடுத்த ஞாயிறே அதைச் சபையில் சாட்சியாகச் சொன்னார். பக்கத்து சபையில் கூப்பிட்டார்கள், அங்கேயும் சொன்னார். கரவனெல்லப் பக்கம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போகப் போக சாட்சி வளர்ந்தது. முதல் சபையில் நான் தண்ணி கொடுத்தேன். இரண்டாவது சபையில் என் முகம் பிரகாசித்தது. கரவனெல்லயில் என்னோடு சேர்ந்து ஆடும் முழங்கால் போட்டது.

கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? கீழ் டிவிசன் அந்தோணி அண்ணன் தன் மகளுக்கு வந்த நல்ல பையனை, “என் மாடு நாக்கைத் தொங்கப்போட்டு நிக்குது, பாத்தும் பாக்காத மாதிரி டீ குடிக்கிறான்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று சலோமி சொன்னாள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பரிசத்துக்கு முந்தின வாரம் பாஸ்டர் ஐயா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். “இரட்சிப்பு இலவசம். நம்ம நல்லவங்கன்னு யாரும் தரல, நம்ம நடத்தையைக் காட்டி வாங்கவும் முடியாது. ஆனா இரட்சிக்கப்பட்டவன் வீட்டுல பொய்க்குக் காம்பரா குடுத்து வைக்கக்கூடாது” என்றார். (காம்பரா என்றால் லயத்தில் ஓர் அறை.) எனக்கு நெஞ்சில் குத்தியது. வெளியே வந்ததும் சலோமியிடம், “ஒங்கப்பாகிட்ட சொல்லிறப் போறேன்” என்றேன்.

அவள் யோசித்தாள். “சொல்லணும்தான். எனக்கும் தூக்கம் இல்ல. ஆனா தனியா சொல்லுங்க. நானும் பக்கத்துல நிக்கிறேன். கூட்டத்துல வச்சு மட்டும் வாயைத் திறந்துறாதீங்க.”

“நான் என்ன பைத்தியமா?” என்றேன்.

ஆமாம் என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க மாமாவிடம் தனியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பரிசத்தன்று பாட்டு முடிந்தது, வேதம் வாசித்தாயிற்று, தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது பாஸ்டர் ஐயா, “மாப்பிள்ளை ஒரு சின்ன சாட்சி சொல்லட்டும்” என்று மைக்கைக் கொடுத்தார். எனக்கு மைக் என்றால், பசித்த கோழிக்கு முறத்தைக் காட்டின மாதிரி. அதோடு உள்ளே ஒரு பெருமையும் எழும்பியது. இப்போது ஒப்புக்கொள்கிறேன், பெருமைதான் அது. நான் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்வேன், சனம் அழும், மாமா ஓடி வந்து கட்டிப்பிடிப்பார், அல்லேலூயா சத்தத்தில் தகரம் பறக்கும் என்று ஒரு படமே ஓடியது. என் மனசைக் கழுவ அவருடைய மானத்தைத் தண்ணியாக எடுக்கிறேன் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

சொன்னேன். பெயின்ட், தூரிகை, போன், வாளி, ஒன்றுவிடாமல் சொன்னேன். “ஆட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னது கர்த்தர் இல்லீங்க, சலோமிங்க” என்று முடித்தேன்.

யாரும் அழவில்லை. பாஸ்டர் ஐயா பழக்கத்தில் “அல்லே…” என்று தொடங்கி மீதியை விழுங்கினார். என் அம்மா கையில் இருந்த பழத் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தார். சலோமி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன், அவள் இதைப் படிப்பாள். அப்போதுதான் மாமா எழுந்து, போனுக்கா கர்த்தருக்கா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன்னே பக்கத்து வீட்டு மரியாள் அக்கா ஆறுதல் சொல்லப் புறப்பட்டார். (ஆறுதல் சொல்கிறவர்கள் முதலில் தண்ணி குடித்துவிட்டு யோசிப்பது நல்லது.)

“விடுங்க ஞானமுத்தண்ணே. ஒங்க ஜெபம் எட்டு காம்பராவுக்கும்தான் கேட்டுச்சு. எங்க எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுப் பயலே தண்ணிப் போத்தலோட கிளம்பினான், நான்தான் ‘அவளுக்கு வேற ஆளு இருக்குடா’ன்னு புடிச்சு நிப்பாட்டினேன்.”

மாமா திரும்பி லயத்து ஆட்களைப் பார்த்தார். எட்டு வீட்டுக்காரர்களும் எட்டுத் திசையைப் பார்த்தார்கள். மூன்று சபையில் கை தூக்கிச் சொன்ன சாட்சி. தெரியாதவர் அவர் ஒருவர்தான். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கல்யாணம் போனால் போகட்டும் என்று தோன்றியது. அந்த மனுஷன் நிமிர்ந்து நடந்தால் போதும்.

இன்றைக்கு அந்தக் கதை எங்கள் வீட்டில் சிரிப்பாகிவிட்டது. ஆறு வயது மகள், “ஸ்கூலுக்குப் போக வேணாம்னு கர்த்தர் சொன்னாரு” என்று படுத்துக்கொண்டால், சலோமி அடுப்படியிலிருந்தே கேட்பாள், “எந்த நம்பர்ல இருந்து?” சபையில் யாராவது தரிசனம் கண்டேன் என்றாலும் பின்வரிசையில் அதே கேள்விதான். ஆனால் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மாமா என்னிடம் நடந்து வந்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடினேன். கையிலிருந்த மைக் போனது. கண்ணைத் திறந்தால் அவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“கரவனெல்லயில ஆடு முழங்கால் போட்டுச்சுன்னு சொன்னேன்,” என்றார். “போடல.”

மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தார்.

“இவன் முகமும் பிரகாசிக்கல. வேர்த்து ஊத்திச்சு. நான்தான் கூட்டிச் சொன்னேன். இவங்க ஒரு பொய் செஞ்சாங்க, அதுக்கு மேல நான் மூணு மாடி கட்டினேன். மூணு சபைக்கும் போய் நானே சொல்லிறேன்.” பிறகு கொய்யா மரத்தைப் பார்த்துத் திரும்பி, குரலை உயர்த்தினார். “அந்தோணி! கீழ கேக்குதாடா? மாட்டை விடு. அந்தப் பையனைத் திருப்பிக் கூப்பிடு!”

கீழ் டிவிசனிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

மாமா மைக்கை அணைத்துவிட்டு சலோமியிடம் போனார். எட்டு காம்பராவுக்கும் கேட்கப் பேசின மனுஷன், பக்கத்தில் நின்ற எனக்கே கேட்காத குரலில் பேசினார். நான் காதைத் தீட்டித்தான் பிடித்தேன்.

“ஆண்டவர்கிட்ட அடையாளம் கேட்டேன். ஒன்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேம்மா. ஒனக்கு இவனப் புடிச்சிருக்கா?”

சலோமி அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “புடிக்கும்ப்பா,” என்றாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். “ஆனா இன்னிக்கு இல்ல.”

மாமா தலையை ஆட்டினார். மைக்கை மறுபடி போட்டார். “பரிசம் அடுத்த ஞாயிறு. சோறு இன்னிக்கே. எல்லாரும் ஒக்காருங்க” என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரண்டியை எடுத்து முதல் சோற்றை என் இலையில் போட்டார்.