தவணைக்காரர் வருகிறார்

குட்டிம்மா தலையில் ஷாம்பு நுரையோடு நின்ற நேரம் பார்த்து வெளியே அவளுடைய போன் அடித்தது. அம்மா எடுத்துவிட்டாள்.

"அவ குளிக்கிறா தம்பி. நான் அவங்க அம்மா பேசறேன்."

குளியலறைக்குள் குட்டிம்மாவின் கை அப்படியே நின்றது.

"எங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா. வாயைத் திறந்தாளா பாவி!... அதெப்படி, நீங்களும் எத்தனை நாளைக்குத்தான் போன்லயே பேசிட்டிருப்பீங்க? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. உங்க பக்கத்துல பெரியவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க. உக்காந்து பேசி முடிச்சுடலாம்."

போச்சு. எல்லாம் போச்சு.

குட்டிம்மா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள், வயது இருபத்தேழு என்றாலும் அந்தப் பெயர் உதிரவில்லை. அந்தப் படிப்புக்கு உதவித்தொகை கிடைத்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிடைத்தது கடன். சொல்லியிருந்தால் அப்பா அன்றைக்கே தன் மூட்டு ஆபரேஷனுக்கு ஒதுக்கிய பணத்தைத் தூக்கிக் கொடுத்திருப்பார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து முழங்காலைத் தேய்த்தவர். இரண்டாவது மாடியிலிருந்து நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவார். அந்தப் பணம் அவர் காலுக்கு. அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். அம்மாவின் முகத்தில் கோபத்தைத் தேடினாள். பல்தான் தெரிந்தது.

"ஏண்டி, 'அவர்'னு பேர் போட்டு வெச்சிருக்கியே, கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே அவரா?"

குட்டிம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. கடன் வசூல்காரரின் எண்ணைப் பதியும்போது 'வங்கி' என்று போடப் பயம். 'டாக்டர்' என்று போட்டால் என்ன வியாதி என்று அம்மா குடைவாள். யோசித்து யோசித்து, எதிலும் மாட்டாத சொல் என்று அதைப் போட்டிருந்தாள்.

கடன் வெளியே வரவில்லை என்ற நிம்மதியில் சட்டென்று தலையாட்டிவிட்டாள். "ஆமாம்மா... கொஞ்ச நாளாப் பழக்கம்."

"நல்ல மரியாதையாப் பேசறாரு. என்ன கேட்டாலும் 'நீங்க சொன்னா சரிம்மா'ங்கறாரு."

அரை மணி நேரத்தில் விஷயம் அப்பாவுக்குப் போய்விட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பையன் என்ன வேலை?"

"வந்து... பணம் சம்பந்தமா..."

"நிதித்துறையா?"

"அப்படியும் சொல்லலாம்ப்பா."

சாயங்காலத்துக்குள் கீழ் வீட்டுக்காரர், பால்காரர், மாடிப்படி பெருக்குகிற அம்மாள் எல்லோருக்கும் நிதித்துறை மாப்பிள்ளை தெரிந்தவராகிவிட்டார்.

மறுநாள் கடையில், ஒரு வாடிக்கையாளரை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு குட்டிம்மா மூலைக்குப் போய்ப் போன் போட்டாள். அவளாகவே அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"மேடம்! நீங்களா!" என்றது குரல்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வரக் கூடாது."

"அம்மா கூப்பிட்டாங்களே மேடம். வர்றேன்னு சொல்லிட்டேன். பெரியவங்ககிட்டயும் சொல்லியாச்சு. அவங்க இப்பவே புடவை எடுத்து வெச்சுட்டாங்க."

பெரியவர் என்றால் மேனேஜராகத்தான் இருக்க வேண்டும்.

"இந்த மாசத் தவணை கட்டியாச்சு. போன மாசமும் கட்டியாச்சு. அப்புறம் எதுக்குங்க தினமும் போன்?"

"நீங்க மறந்துடக் கூடாதுன்னுதான் மேடம்."

ஆரம்பத்தில் அந்தக் குரல் இப்படி இல்லை. தவணை நின்றுபோன நாட்களில் காலை, மதியம், மாலை என்று மருந்து மாதிரி கூப்பிட்டு மிரட்டியது. பிறகு என்ன தோன்றியதோ, விண்ணப்பம் போட்டால் தவணையைக் குறைப்பார்கள் என்று வழி சொன்னதும் அதுதான். இப்போதெல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் தவணைக்கு வரும். எரிச்சல்தான். ஆனால் ஒருநாள் அழைப்பு வராதபோது போனில் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தாள். அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

"சரி, வாங்க. ஆனா கடனைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"கடனைப் பத்தி நான் எதுக்கு மேடம் பேசப் போறேன்?"

"சத்தியமா?"

"சத்தியமா."

"ஏம்மா, மூணாவது வரி வரைக்கும் படிச்சு நிக்கிறேன், மேல போகவா?" என்றார் வாடிக்கையாளர்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையில், குரலைவிடச் சின்ன ஆளாக இருந்தார். கூடவே நரைத்த கொண்டையும் பெரிய கைப்பையுமாக ஒரு பெண்மணி. மேனேஜருக்கு வேண்டிய எல்லாக் களையும் முகத்தில் இருந்தது.

அந்த அம்மாள் கை கழுவ உள்ளே வந்தபோது குட்டிம்மா வழிமறித்தாள்.

"மேடம், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு ரெண்டு வருஷம் டைம் குடுங்க, முடிச்சுடறேன்."

"ரெண்டு வருஷமா! அவ்வளவு நாள் தாங்காது கண்ணு. நான் நல்லா இருக்கும்போதே முடிஞ்சாகணும்."

"இவர் ஏதாவது சொன்னாரா?"

"அவன் என்னத்தைச் சொல்றான்? உன் நினைப்புல சோறு கூட இறங்கல அவனுக்கு."

வசூல் இலக்கு எட்டாவிட்டால் பாவம், அவரை இந்த அம்மாள் என்ன பாடு படுத்துகிறாளோ என்று குட்டிம்மாவுக்கு இரக்கமாக இருந்தது.

கூடத்தில் தேநீர் ஆறுவதற்குள் பேச்சு வேகம் பிடித்துவிட்டது.

"அப்ப தேதி பார்த்துடலாமா?" என்றாள் அம்மா.

"செலவைப் பத்திக் கவலையே வேண்டாம்" என்றார் அப்பா, முழங்காலைத் தடவிக்கொண்டே. "ஆபரேஷனுக்குன்னு வெச்ச பணம் அப்படியே இருக்கு. கால் எங்க போயிடப் போகுது? இருக்கிற இடத்துலதானே இருக்கு. எடுத்துக் கல்யாணத்தை ஜாம் ஜாம்னு நடத்திடுவோம்."

குட்டிம்மாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து பிஸ்கட்டுகள் தரையில் உருண்டன.

"அப்பா, வேண்டாம்! இவர் மாப்பிள்ளை இல்ல. கடன் வசூல் பண்றவர். எனக்கு உதவித்தொகை கிடைக்கவே இல்ல. கடன் வாங்கித்தான் படிச்சேன். சொன்னா உங்க கால் பணத்தைத் தூக்கிக் குடுத்துடுவீங்கன்னுதான் மறைச்சேன்."

அம்மா வாயில் கை வைத்தாள்.

அப்பா குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார்.

"இந்த முட்டிக்காகவா கழுதை இத்தனை பொய் சொன்னே?" "எவ்வளவு பாக்கி? இப்பவே கட்டிடலாம்."

"தவணையில ஒரு பாக்கியும் இல்லப்பா. மாசா மாசம் என் சம்பளத்துலயே கட்டறேன். நானே முடிச்சுடுவேன். நீங்க காலைச் சரி பண்ணுங்க. எனக்கு அது போதும்."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பழுதான எஞ்சினைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து விருந்தாளியைப் பார்த்தார்.

"எல்லாம் ஒழுங்காக் கட்டறாள்னா, தம்பி எதுக்குத் தினமும் போன் பண்றீங்க?"

வந்தவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

கூட வந்த அம்மாள் குழப்பத்தோடு கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, ஆளாளுக்குக் கடன் கடன்னு சொல்றீங்க? என் பிள்ளை அந்த வசூல் வேலையை விட்டுட்டுப் பள்ளிக்கூட வாத்தியாராச் சேர்ந்து நாலு மாசம் ஆச்சே!"