ஒரே சாம்பல் உருண்டை, இரண்டு இடத்தில்

திண்டுக்கல்,
ஞாயிறு நண்பகல்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை இன்னாசிராஜ் அவர்களுக்கு,

அத்தை லூர்தம்மாள் ஆசீரோடு எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமென்று என் மகள் மலர்விழி சொன்னாள். உங்கள் வாயால் கேட்கலாமென்றால் நீங்கள் போனை எடுத்தால்தானே.

சென்ற மாதம் வந்தபோது என் கம்ப்யூட்டரில் புக்மார்க் வரிசையைப் பார்த்துச் சிரித்தீர்கள். ‘நம் கோயில், பூசைக் கருத்து கொடுக்குமிடம்’, ‘கிதர் முகம்மது பிரியாணிக் கடை, பேகம்பூர்’ என்று ஒவ்வொன்றுக்கும் நானே தட்டச்சு செய்து வைத்த பெயர்கள். எங்கள் கான்வென்டில் மதர் வெரோனிக்கா டிபன் பெட்டியைக்கூடப் பெயர் எழுதாமல் உள்ளே விடமாட்டார். நீங்களோ, “இம்புட்டு நீளமா எதுக்கு அத்தை? சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் எழுதுறேன். அதுவே ஒவ்வொரு சைட்டுக்கும் போயி ஐகானை எடுத்துட்டு வந்துரும். படத்தைத் தொட்டாப் போதும், படிக்கவே வேணாம்” என்றீர்கள். படிக்க வேண்டாம் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். மாப்பிள்ளையாயிற்றே என்று காபி போட்டுக் கொடுத்தேன்.

என் பெயர்களையெல்லாம் அழித்துவிட்டு உங்கள் ஸ்கிரிப்ட் கொண்டுவந்த லட்சணத்தைக் கேளுங்கள். அரசாங்க சைட்டுகளுக்கெல்லாம் ஒரே கோபுரம். கரண்ட் பில் எது, வீட்டு வரி எது என்று அந்தக் கோபுரத்துக்கே தெரியாது. ஐகான் இல்லாத சைட்டுகளுக்குச் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை. கோயிலுக்கும் உருண்டை, பிரியாணிக் கடைக்கும் உருண்டை, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று நீங்களே கூட்டி வைத்த அளவில் தலைப்பெல்லாம் திரைக்கு வெளியே போய்விட, எதைத் திறந்தாலும் எழுதுவதற்கு ஒரு பெட்டி மட்டுமே தெரிகிறது.

இன்று உங்கள் மாமனாரின் நினைவு நாள். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை என்று நீங்கள் வராத அதே நாள். காலையில் பூசை, மதியம் உறவினருக்குச் சாப்பாடு. பூசையில் வாசிக்க வேண்டிய கருத்தை, அதாவது அவருக்கான வேண்டுதலைக் கோயிலுக்கும், சாப்பாட்டுக் கணக்கைக் கடைக்கும் முன்தினமே எழுதி அனுப்பினேன். பூசையில் கருத்துகளை வாசிக்கும் எங்கள் உபதேசியார், கையில் கொடுத்ததை அப்படியே வாசிப்பவர். “லூர்தம்மாள் குடும்பத்தாரின் கருத்து: பதினைந்து பேருக்கு மட்டன் பிரியாணி, எலும்பு குறைவாக, தால்ச்சா தாராளமாக. ஆண்டவரை மன்றாடுவோம்” என்றார். கோயிலே எழுந்து நின்று, “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. என் நாத்தனார் செசிலி குரல்தான் எல்லோருக்கும் மேலே. வெளியே வந்ததும், “ஏன் மதினி, அண்ணன் அங்க போயும் பிரியாணிதான் கேக்குறாகளாக்கும்?” என்கிறாள். அந்தக் கோயிலில் நான் தலைகுனிந்தது ஜெபத்துக்கு மட்டும்தான், இன்றுவரை.

அவமானம் போகட்டும். அவர் நினைவு நாளில் அவருக்கென்று ஒரு ஜெபம் இல்லாமல் போயிற்றே, அதை யார் ஈடுகட்டுவது? சாப்பாடும் வரவில்லை. ஹாலில் பதினைந்து பேர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். “செத்த நேரம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இதை எழுதுகிறேன். அடுத்த சனிக்கிழமை வந்து என் பெயர்களை ஓர் எழுத்துப் பிசகாமல் திருப்பி வைத்துவிட்டு மறு வேலை பாருங்கள்.

அன்னை மரியாள் உங்களைக் காக்க, முக்கியமாக என்னிடமிருந்து.

அத்தை,
லூர்தம்மாள்

பி.கு.: கிதர் முகம்மது பாயே அண்டாவோடு வந்து இறங்கினார். “‘ஆரோக்கியசாமி ஆன்மா இளைப்பாற’ன்னு மட்டும் வந்துச்சும்மா. அய்யா பேரைப் பாத்ததும் அடுப்பைக் குறைச்சுட்டு, கடையில அம்புட்டுப் பேரும் நின்னு அவுகளுக்காக அல்லாகிட்ட துஆ கேட்டோம். என்ன வேணும்னு நீங்க எழுதல. அய்யா வழக்கமாக் கேக்குறதையே கொண்டாந்துட்டேன்” என்றார். உங்கள் மாமனார் கோயிலைவிட அந்தக் கடைக்குத்தான் தவறாமல் போனவர். ஆகவே உருண்டைகள் இரண்டையும் தொடாதீர்கள். கோபுரங்களுக்கு மட்டும் பெயர் போட்டால் போதும்.